இரு படகுகளும் ஒரு வானமும்

காரைக்கால் நகரையொட்டிக் கடலோரத்தில் அமைந்த மீனவ ஊர் கிளிஞ்சல்மேடு. ஊரின் இயல்பைப் பெயரே சொல்லிவிடுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம், நிலப்பக்கமெல்லாம் தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கிழக்கே வங்கக் கடலாலும் சூழப்பட்டது. காவிரியின் கிளையான அரசலாறு இங்குதான் கடலைச் சேர்கிறது. வயலும் கடலும் கைகோத்து நிற்கும் இந்தக் கழிமுகக் கரையில், கணக்குப் பாடத்தின் நுட்பமான கேள்வி ஒன்று அன்றாட வாழ்க்கையோடு பிணைந்து கிடக்கிறது.

அவ்வூரில் இரண்டு மகன்களைக் கடலுக்கு அனுப்பும் ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். “அண்ணனும் தம்பியும் ஒரே படகில் போக வேண்டாம், ஆளுக்கொரு படகில் போங்கள்” என்கிறாள் அவள். ஒரு படகுக்குத் தீங்கு நேர்ந்தாலும் மற்றொருவன் வீடு திரும்புவான் என்பது அவளது எண்ணம். அவள் நிகழ்தகவு படித்தவள் அல்லள். ஆயினும் அவளுடைய முடிவில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அக்கணக்கு எவ்வளவு சரி, எங்கே பிழைபடும் என்பதைக் காண, சாரா நிகழ்ச்சிகள், சார்ந்த நிகழ்ச்சிகள் என்னும் இரண்டு கருத்துகளைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிளிஞ்சலுக்கு நினைவில்லை

கரையில் கிடக்கும் கிளிஞ்சல் ஒன்றை எடுத்து மேலே சுண்டிப் போட்டால், அது குழிப்பக்கம் மேலாகவோ முதுகுப்பக்கம் மேலாகவோ விழும். நாணயத்தைப் போல இரண்டிற்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயிரம் முறை போட்டதில் ஏறத்தாழ அறுநூறு முறை குழி மேலாக விழுந்தது என வைத்துக்கொண்டால், குழி மேலாக விழுவதன் நிகழ்தகவை 0.6 எனக் கொள்ளலாம்.

அதே கிளிஞ்சலை இருமுறை போட்டு, இருமுறையும் குழி மேலாக விழுவதற்கான நிகழ்தகவு என்ன? முதல் வீச்சில் என்ன விழுந்தது என்பது இரண்டாம் வீச்சுக்குத் தெரியாது. எனவே 0.6 × 0.6 = 0.36. ஒரு நிகழ்ச்சி நடந்துவிட்டது என்னும் செய்தி கிடைத்த பின்னும் மற்றொன்றின் நிகழ்தகவு மாறாதிருந்தால், அவ்விரண்டும் சாரா நிகழ்ச்சிகள். அவற்றிற்கு மட்டுமே இப்படி நேராகப் பெருக்கும் உரிமை உண்டு. செய்தி கிடைத்ததும் நிகழ்தகவு கூடினாலும் குறைந்தாலும் அவை சார்ந்த நிகழ்ச்சிகள்.

தொடர்ந்து ஐந்து முறை குழி மேலாக விழுந்ததைக் கண்டவர், “இனி முதுகுதான் விழ வேண்டும்” என்று அடித்துச் சொல்வதுண்டு. தாயக்கட்டை உருட்டுவோரிடமும் இந்த நம்பிக்கையைக் காணலாம். ஆறாம் வீச்சிலும் குழி விழுவதன் நிகழ்தகவு 0.6 தான். ஆனால் இதே பாடத்தை மீன்பிடிப்பிற்கு அப்படியே பொருத்தினால் தவறாகிவிடும். நேற்று நல்ல மீன்பாடு இருந்த இடத்தில் மீன்கூட்டம் இன்றும் நிற்கக்கூடும். நேற்றைய நீரோட்டமும் காற்றும் ஒரே இரவில் முற்றிலும் மாறிவிடுவதில்லை. கிளிஞ்சலுக்கு நினைவில்லை, கடலுக்கு உண்டு. நேற்றைய நிலையை வைத்து இன்று எங்கே வலை விடலாம் என்று எண்ணும் மீனவர் சரியாகவே எண்ணுகிறார். அதே முறையில் ஆறாம் வீச்சைக் கணிப்பவர்தான் ஏமாறுகிறார்.

மாணவர்கள் அடிக்கடி இடறி விழும் இடம் ஒன்றையும் இங்கே சுட்ட வேண்டும். ஒரே வீச்சில் ‘குழி மேலாக விழுதல்’, ‘முதுகு மேலாக விழுதல்’ ஆகிய இரண்டும் சேர்ந்து நிகழ முடியாது. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். சேர்ந்து வராதவை ஆகையால் இவை சாராதவை என்று பலர் எழுதிவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. குழி விழுந்தது என்று தெரிந்தவுடன், முதுகு விழுந்திருப்பதன் நிகழ்தகவு 0.4 இலிருந்து சுழியாகிவிடுகிறது. ஒரு செய்தி மற்றொன்றை இதைவிட வலுவாக மாற்ற முடியுமா?

குடமும் ஓலையும்

சார்ந்த நிகழ்ச்சிகளுக்கான பெருக்கல் விதி சற்று வேறானது. முதல் நிகழ்ச்சியின் நிகழ்தகவை, முதலாவது நடந்துவிட்டது என்ற நிபந்தனையின்கீழ் இரண்டாவதற்குள்ள நிகழ்தகவால் பெருக்க வேண்டும். பின்னதற்கு நிபந்தனை நிகழ்தகவு என்று பெயர். ஒரு குடத்தில் பத்து ஓலைகள். அவற்றுள் நான்கு ஒரே தெருவினருடையவை எனக் கொள்வோம். முதல் ஓலையை எடுத்துத் திரும்பப் போடாமல் இரண்டாவதையும் எடுத்தால், இரண்டும் அத்தெருவினருடையவாக இருக்க நிகழ்தகவு 4/10 × 3/9 = 2/15. முதல் ஓலையை மீண்டும் குடத்திலிட்டுக் குலுக்கினால் 4/10 × 4/10 = 4/25. ஓலையைத் திரும்பப் போடுவதா, வேண்டாமா என்னும் சிறு செயல் இரண்டு கணக்குகளையும் பிரித்துவிடுகிறது.

இக்குடத்தைத் தமிழர் வெறும் விளையாட்டுக்குப் பயன்படுத்தவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு குடும்புக்கு ஓர் ஓலை எடுக்கச் செய்தனர். தேர்வானோர் முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்த்தப்பட்டனர்.

நிகழ்தகவின் கண்கொண்டு இம்முறையை நோக்குவோம். ஒரு குடும்பின் ஓலையில் யார் பெயர் வந்தது என்னும் செய்தி, அடுத்த குடும்பின் ஓலையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆகவே முப்பது தேர்வுகளும், அந்த அளவில், ஒன்றையொன்று சாராதவை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் தேர்வுகளைச் சபையார் வேண்டுமென்றே சார்ந்தவையாக்கினர். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது என்பது விதி. ஒரு குடும்பில் பத்துப் பேர் தகுதியுடையோர் எனவும், அவர்களுள் வேறு மாற்றம் இல்லை எனவும் கொண்டால், இவ்வாண்டு ஒருவர் தேர்வாகும் நிகழ்தகவு 1/10. இவ்வாண்டு தேர்வானவருக்கு அடுத்த ஆண்டு அது சுழி, தேர்வாகாதவருக்கு 1/9. குருட்டு அதிர்ஷ்டம் ஒருவரையே மீண்டும் மீண்டும் நாற்காலியில் அமர்த்திவிடக்கூடாது என்பதற்காக, ஓலைக் குடத்திற்கு அவர்கள் நினைவைக் கொடுத்தனர் எனலாம்.

தமிழ் மாணவருக்கு இதனினும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தமிழ்ச் சொல்லொன்றில் ‘க்’ என்னும் மெய் வந்துவிட்டால், அடுத்து வருவது ககர எழுத்தே. அக்கா, பக்கம், தக்காளி என எச்சொல்லை எடுத்தாலும் இதுதான் நிலை. ச், த், ப் ஆகியவையும் அத்தகையனவே. மாறாக, ‘ழ்’ வந்தபின் மற்றொரு ழகரம் வராது. மெய்ம்மயக்கம் என்று இலக்கணம் கூறுவதைக் கணிதமொழியில் சொன்னால், நிபந்தனை நிகழ்தகவு முன்னதில் 1, பின்னதில் 0. ‘சக்தி’ என்னும் வடசொல்லைப் பழந்தமிழ் ‘சத்தி’ என்று மாற்றிக்கொண்டதற்கும் இந்த விதியே காரணம். எழுத்துகளின் இத்தகைய சார்பை எண்ணிக்கையால் ஆராய்ந்தவர் இரசியக் கணிதவியலாளர் மார்க்கோவ். 1913 இல் அவர் புஷ்கினின் செய்யுட்கதை ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளை எண்ணினார். எந்த ஓரெழுத்தும் உயிராக இருப்பதன் நிகழ்தகவு 0.43 ஆக இருந்தது. முந்தைய எழுத்தும் உயிர் என்று தெரிந்தால் அது 0.13 ஆகக் குறைந்தது.

ஒன்று மற்றொன்றைத் தொடாமலே

இப்போது படகுகளுக்குத் திரும்புவோம். அண்ணன் படகு தெற்கே போயிருக்கிறது. தம்பி படகு வடக்கே. ஒன்று மற்றொன்றோடு மோதப்போவதில்லை. ஒரு படகின் எந்திரம் பழுதானால் மற்றதன் எந்திரம் பழுதாகாது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமில்லை ஆகையால், இரண்டும் சாராதவை என்று சொல்லத் தோன்றும். தாயின் கணக்கும் அதுதான்.

எளிமைக்காகச் சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். பத்தாயிரம் கடல் நாள்களில் ஆயிரம் நாள்கள் சீற்றமானவை. எஞ்சிய ஒன்பதாயிரம் அமைதியானவை. சீற்றமான நாளில் ஒரு படகு உரிய நேரத்தில் கரை திரும்பாமற்போக நிகழ்தகவு 1/2. அமைதியான நாளில் எந்திரப் பழுது போன்ற காரணங்களால் அவ்வாறு நேர நிகழ்தகவு 1/30. அப்படியானால் அண்ணன் படகு திரும்பத் தவறும் நாள்கள் 500 + 300 = 800. நிகழ்தகவு 0.08. தம்பி படகிற்கும் அதே எண்ணே.

இரண்டும் சாராதவை என்று கொண்டு பெருக்கினால் 0.08 × 0.08 = 0.0064. அதாவது, பத்தாயிரம் நாள்களில் 64 நாள்கள் மட்டுமே இரு படகுகளும் ஒருசேரத் தவறும். உண்மைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சீற்றமான ஆயிரம் நாள்களில் இரண்டும் தவறுவது 1000 × 1/2 × 1/2 = 250 நாள்கள். அமைதியான நாள்களில் 9000 × 1/30 × 1/30 = 10 நாள்கள். மொத்தம் 260. எதிர்பார்த்ததைப் போல நான்கு மடங்கு! மூன்றாவது மகனும் மூன்றாவது படகில் போனால் இடைவெளி இன்னும் பெருகும். பெருக்கல் கணக்கு பத்தாயிரம் நாள்களில் ஐந்தே நாள்கள் என்னும். உண்மையோ ஏறத்தாழ 125 நாள்கள் என்னும்.

இங்கே நடந்தது என்ன? படகுகள் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் இரண்டிற்கும் மேலே ஒரே வானம் இருக்கிறது. அண்ணன் படகு வரவில்லை என்னும் செய்தி, அன்று கடல் சீறியிருக்கலாம் என்னும் செய்தியையும் உடன் கொண்டுவருகிறது. அச்செய்தி கேட்ட நொடியில் தம்பி படகு திரும்பாமற்போவதன் நிகழ்தகவு 0.08 இலிருந்து 260/800, அதாவது 0.325 ஆக உயர்ந்துவிடுகிறது. கரையில் நிற்கும் தாய்க்கு இவ்வெண்கள் தெரியாது. ஆயினும் முதல் படகு வராதபோது இரண்டாவது படகை எண்ணி அவள் நெஞ்சு பதறுவது வெறும் மனக்கலக்கம் அன்று.

சார்பு என்பது ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாதல் மட்டுமன்று. இரண்டிற்கும் பொதுவான ஒரு காரணம் இருந்தாலே போதும். 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. ஆழ்கடலில் ஒன்றிலிருந்து ஒன்று வெகு தொலைவில் நின்ற படகுகளை அது ஓரிரு நாள்களுக்குள் ஒருங்கே தாக்கியது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் இழப்புகள் தனித்தனியே நிகழ்ந்தவை அல்ல.

இருப்பினும் அந்தத் தாயின் முடிவை முற்றிலும் தவறென ஒதுக்கிவிடக்கூடாது. இரு மகன்களும் ஒரே படகில் சென்றால், பத்தாயிரத்தில் 800 நாள்கள் இருவரும் ஒருங்கே சிக்குவர். தனித்தனிப் படகுகளில் சென்றால் 260 நாள்கள். பிரித்து அனுப்புவதில் நன்மை உண்டு. பெருக்கல் விதி வாக்களித்த அளவு நன்மை இல்லை.

பொதுப்பணம் தீர்ந்த நாள்

ஊர்ப் பொதுப்பணம், பரிமாற்றக் கடன், காப்பீடு ஆகிய எல்லாமே சாரா நிகழ்ச்சிகளை நம்பி நிற்பவை. நூறு படகுகள் உள்ள ஊரில் ஓராண்டில் ஒன்றிரண்டு படகுகள் சேதமாகும். மற்ற தொண்ணூற்றெட்டுப் பேர் சிறிது சிறிதாகத் தந்தால் இழந்தவர் எழுந்துவிடுவார். அடுத்த ஆண்டு உதவி வேறொருவருக்குச் செல்லும். இழப்புகள் ஆளுக்கொரு காலத்தில் வரும் வரை இந்த ஏற்பாடு அழகாக நடைபெறும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடிந்து சற்று நேரத்தில் சுமாத்திரா அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை சில மணி நேரத்திற்குள் சோழமண்டலக் கரையை அடைந்தது. கிளிஞ்சல்மேடு உள்ளிட்ட காரைக்கால் மீனவ ஊர்கள் பெரும் இழப்புக்குள்ளாயின. அந்த அலை ஆழ்கடலில் உயரம் குறைந்து பரந்து செல்வது. கரையை நெருங்கும்போதுதான் எழுந்து நிற்பது. ஆகவே பத்திரமாக இருக்கட்டும் என்று கரையில் ஏற்றி வைத்த படகுகளே அன்று நொறுங்கின. படகு இழந்தவருக்குக் கடன் தரக்கூடிய அண்டை வீட்டாரும் அன்று படகு இழந்தவரே. வலையும் வீடும் அவ்வாறே. உதவி வெளியூரிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே கரையிலுள்ளோரை மட்டும் சேர்க்காமல், தொலைதூர ஊர்களையும் வேறு தொழில்களையும் சேர்த்துக்கொள்வதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

பொறியியல் உலகமும் இதே இடத்தில் இடறியதுண்டு. 2011 மார்ச் 11 அன்று சப்பானின் புகுசிமா அணுமின் நிலையத்தில், நிலநடுக்கத்தால் வெளிமின்சாரம் நின்றது. அதற்கெனவே காத்திருந்த டீசல் மின்னாக்கிகள் இயங்கத் தொடங்கின. ஒன்று பழுதானாலும் மற்றொன்று உண்டு என்பது ஏற்பாடு. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் வந்த பேரலை வளாகத்தையே மூழ்கடித்தபோது, பதின்மூன்று மின்னாக்கிகளுள் ஒன்றைத் தவிர மற்றவை மின்சாரம் தர இயலாமற்போயின. மின்னாக்கிகள் பல, அவற்றை அடைந்த கடல் ஒன்று.

நீதிமன்றத்தில் ஒரு பெருக்கல்

பிழையான பெருக்கல் ஒரு மனிதரின் விடுதலையைப் பறித்த வழக்கும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த சாலி கிளார்க் என்னும் வழக்கறிஞரின் இரு ஆண் குழந்தைகள், 1996 இலும் 1998 இலுமாக, பிறந்த சில வாரங்களில் அடுத்தடுத்து இறந்தன. தாயே கொன்றுவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் காரணம் விளங்காமல் ஒரு குழந்தை திடீரென இறப்பதன் நிகழ்தகவு 8543 இல் ஒன்று. இரு குழந்தைகள் இறப்பது அதன் இருபடி, அதாவது ஏறத்தாழ ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று என்று மருத்துவ வல்லுநர் ஒருவர் சாட்சியம் அளித்தார். 1999 இல் சாலி கிளார்க்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெருக்கல் சரிதான், பெருக்கியதுதான் தவறு. இரு குழந்தைகளுக்கும் பெற்றோர் ஒருவரே, வீடு ஒன்றே, மரபணுவில் பங்கும் ஒன்றே. முதல் குழந்தை அவ்வாறு இறந்தது என்பதே, அக்குடும்பத்தில் ஏதோ பொதுவான நோய்க்கூறு இருக்கலாம் என்னும் செய்தியைத் தருகிறது. அச்செய்திக்குப்பின் இரண்டாவது இறப்பின் நிகழ்தகவு 8543 இல் ஒன்றாகவே நிற்கும் என்று கொள்ள எந்தச் சான்றும் இல்லை. 2001 இல் இங்கிலாந்தின் அரசப் புள்ளியியல் கழகம் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. வெளியிடப்படாதிருந்த ஆய்வக முடிவொன்று பின்னர்த் தெரியவந்ததை அடுத்து, 2003 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அந்தப் பெருக்கலையும் குறைகூறியது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்த அவர் 2007 இல் காலமானார்.

கூண்டு ஏறும்போது

படகுகளின் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் உள்ளது. சீற்றமான நாள்களை மட்டும் எடுத்துக்கொண்டபோது 1/2 × 1/2 என்று பெருக்கினோம். அமைதியான நாள்களில் 1/30 × 1/30 என்று பெருக்கினோம். வானிலை இன்னது என்று தெரிந்துவிட்டபின், ஒரு படகின் செய்தி மற்றதைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை என்று கொண்டதே அதற்குக் காரணம். பொதுக் காரணம் அறியப்படாதிருக்கும்போது சார்ந்து நிற்பவை, அது அறியப்பட்டதும் சாராதவையாகிவிடுகின்றன.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுப்பெறும்போது இந்திய வானிலை ஆய்வுத்துறை எச்சரிக்கை விடுக்கிறது. காரைக்கால் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுகிறது. கூண்டைக் கண்டு படகுகள் கரையிலேயே நின்றுவிட்டால், நம் கணக்கிலிருந்து அந்த ஆயிரம் நாள்களும் நீங்கிவிடும். எஞ்சிய ஒன்பதாயிரம் நாள்களில் ஒரு படகு உரிய நேரத்தில் திரும்பாமற்போக நிகழ்தகவு 1/30. இரு படகுகளும் ஒரே நாளில் தவற 1/900. ஒரே படகில் இருவரும் சென்றால் 300 நாள்கள். தனித்தனியே சென்றால் பத்தே நாள்கள். அந்தத் தாய் தன் மகன்களைப் பிரித்து அனுப்பியபோது எண்ணிய நன்மை முழுவதும், கூண்டு ஏறும் நாளில் இருவரும் வீட்டில் இருந்தால்தான், அவளுக்குக் கிடைக்கிறது.